கூண்டின் அளவு

மதுரை
12 டிசம்பர் 2024

மதினிக்கு,

ஒரு செடியில் கை நிறையக் காப்பிப் பழம் சிவந்து கிடக்கும்போது, மரநாய் அதில் இரண்டை மட்டும் தின்றுவிட்டு அடுத்த செடிக்குப் போகிறதே, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது? நிறமா, மணமா, வேறு எதுவுமா? முனைவர் பட்டத்துக்காக உங்கள் தோட்டத்துச் சரிவில் பருவம் பருவமாக அலைந்தவள் நான். அதன் பிறகு இத்தனை வருடமாக விலங்கியல் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியும் என்று எழுதியிருப்பவர்களையும் நான் நம்பவில்லை.

தேர்ந்தெடுக்கிறது என்பது மட்டும் தெரியும். அதன் எச்சத்திலிருந்து எடுத்த கொட்டைக்கு வெளிநாட்டில் நம்ப முடியாத விலை கொடுக்கிறவர்கள் அந்தத் தேர்வுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

ஜீப் ஓட்டும் கார்த்தியிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்தது. கூட இருந்த வாசகத்தையும் படித்தேன். 'குரங்கணிச் சரிவில் சுதந்திரமாகத் திரியும் மரநாய்களின் எச்சத்திலிருந்து பொறுக்கியது' என்று சான்று எழுதி நான் கையெழுத்திட வேண்டும். என்னால் முடியாது. காரணம் சொல்லாமல் மறுத்தால், அண்ணன் போன பதினாறாம் நாள் நமக்குள் நடந்த பேச்சை மனதில் வைத்துக்கொண்டு மறுக்கிறேன் என்பீர்கள். அதனால் சொல்கிறேன்.

பொட்டலத்தில் இருந்த எச்சத்தைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். காப்பிக் கொட்டை தவிர ஒன்றுமில்லை. காட்டில் திரிகிற மரநாய் காப்பியை மட்டும் தின்று வாழாது. கூந்தப்பனைப் பழம் தின்னும், இச்சிப் பழம் தின்னும், வண்டும் எலியும் தின்னும். எச்சத்தில் அதெல்லாம் இருந்தே தீரும். உங்கள் பொட்டலத்தில் அரைகுறையாகப் பழுத்த காயின் கொட்டைகள்கூட இருக்கின்றன. எந்த மரநாயும் அதை விரும்பித் தின்னாது. வேறு எதுவும் கிடைக்காமல் தின்றிருக்கிறது.

எங்கேயாவது அடைத்து வைத்திருக்கிறீர்களா மதினி? அந்தச் சரிவில் மரநாயை உயிரோடு பிடிக்கத் தெரிந்தவர் கன்னையன் ஒருவர்தான். என் ஆராய்ச்சிக்குப் பொறி வைத்துக் கொடுத்தவர், இன்னும் உங்கள் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறவர். அவரை இதில் இழுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்க விரும்புகிறேன். பிடித்து அடைப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம்.

அனுசியா


குரங்கணி
19 டிசம்பர்

அனுசியா,

உன் கடுதாசி வந்துச்சு. பரீட்சைத்தாளத் திருத்தி அனுப்புன மாதிரி இருந்துச்சு. நல்லவேளை மார்க்கு போடல.

நீ என் போனை எடுக்கிறதில்ல. அதுவும் நல்லதுதான். இந்த விசயமா வாட்சப்புல ஒரு வரிகூடப் போட்றாதே. போன்ல போட்டது சாகாது. காகிதம்னா நமக்கு அடுப்பு இருக்கு.

நெனப்பிருக்கா, தோள்ல ஒரு பையும் கையில இடுக்கியுமா நீ பாறை பாறையா ஏறி மரநாய்ப் பீ பொறுக்கிக்கிட்டு வருவே. போடி பஸ்சு ஸ்டாண்டுல வச்சே என்னைக் கேப்பாளுக, ஒங்க நாத்தனா இன்னிக்கு எத்தனை உருண்டை சேத்துச்சுன்னு. சிலமலையில இருந்து உன்னையப் பொண்ணு பாக்க வந்தவுக அந்தப் பேச்சைக் கேட்டுட்டு, வச்ச பலகாரத்தத் தொடாம எந்திரிச்சுப் போனாக. உங்க அண்ணன் உள்ள போயி அழுதாரு. நீ அழுகல. அன்னிக்குச் சாயந்தரமும் பையத் தூக்கிட்டுப் போனே. இப்ப அதே பீயை வாங்க கொச்சியில இருந்து ஏசி காருல ஆளு வர்றான். நீ முந்திப் பொறந்துட்டே ஆத்தா.

அவரு பேரு மனோஜ். நல்ல மனுசன். "சேச்சி, குடிக்கிறவன் காப்பியக் குடிக்கல, காட்டைக் குடிக்கிறான், அந்தக் காட்டுக்கு ஒரு சாட்சி வேணும்"னாரு. இந்தச் சரிவு மரநாயைப் பத்திப் பொஸ்தகம் எழுதுனவ நீ ஒருத்திதான். உன் பேரைச் சொன்னதும் அவரு செல்லுல தட்டிப் பாத்துட்டுத் தலையாட்டுனாரு. இந்தக் குடும்பத்துக்கு உன் படிப்பால ஒரு நல்லது நடக்கட்டும்.

கூண்டு கீண்டு ஒண்ணுமில்ல. கன்னையன் ஏலக்காய்ச் சோலி பாக்குறான். போன தடவ பொறுக்குன பொம்பளைக காப்பிக்கொட்டைய மட்டும் ஆஞ்சு போட்டுட்டாளுக. இந்தப் பொட்டலத்துல நீ கேட்ட கூந்தப்பனை விதையும் இருக்கு, வண்டு ஓடும் இருக்கு. எலி மயிர் வேணும்னா அடுத்த லோடுல அனுப்புறேன்.

வெரசா கையெழுத்துப் போட்டு அனுப்பு. தை பொறந்ததும் மனோஜ் வர்றாரு.

மகாராணி


மதுரை
27 டிசம்பர்

மதினிக்கு,

பொட்டலத்தைப் பிரித்துத் தொட்ட கை மாலை வரை அரித்தது. கூந்தப்பனையின் பழச்சதை தோலில் பட்டால் அப்படித்தான் அரிக்கும். மரநாயின் வயிற்றுக்குள் போய் வந்த விதையில் சதை மிஞ்சாது. குழந்தைகூட வைத்து விளையாடலாம். நீங்கள் அனுப்பியது மரத்தடியில் பொறுக்கிக் கையால் பிசைந்து சேர்த்த விதை. பிசைந்தவர் கை என் கையைவிட மோசமாக அரித்திருக்கும்.

இதை எழுதினால் அடுத்த பொட்டலத்தில் விதையை நன்றாகக் கழுவிச் சேர்ப்பீர்கள் என்று தெரியும். நான் சொல்லும் ஒவ்வொரு காரணமும் உங்களுக்குச் சமையல் குறிப்பாகிறது. அதனால் காரணம் சொல்வதை விட்டுவிட்டு நேற்றுப் பஸ் ஏறினேன்.

நீங்கள் ராசிங்காபுரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருப்பதாகக் கார்த்தி சொன்னான். ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்துக்குப் பின்னால், கன்னையன் வீட்டுக் கொல்லையில் தகரம் வைத்து மறைத்த இடத்தில், ஐந்து கூண்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு மரநாய். ஒன்று கம்பியைக் கடித்துக் கடித்துப் பல் முறிந்து கிடக்கிறது. ஒன்று தன் வாலையே மென்று நுனியில் எலும்பு தெரிகிறது. இரண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுருண்டு கிடக்கின்றன. கடைசிக் கூண்டில் இருப்பது சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் கிட்டே வந்ததையோ, உள்ளே பழம் கொட்டியதையோ அது கவனிக்கவில்லை. ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு மூலையிலும் தலையை ஒரே மாதிரி வெட்டித் திருப்புகிறது. அடிப்பலகையில் அதன் கால்தடம் வெளுத்திருக்கிறது.

கன்னையன் பழக்கூடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஏன் அண்ணே என்று கேட்டேன். "அம்மா சொன்னாக," என்றார்.

பொங்கலுக்குள் ஐந்தையும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வன அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அனுசியா


குரங்கணி
2 ஜனவரி 2025

அனுசியா,

நான் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கே. உங்க அண்ணன் வீட்டுக்கு நீ வர எதுக்கு ஒளிஞ்சு வரணும்? சொல்லியிருந்தா ஒரு கோழி அடிச்சிருப்பேன்.

பல்லப் பத்தி எழுதியிருக்கே, வாலப் பத்தி எழுதியிருக்கே, கால்தடத்தைப் பத்தி எழுதியிருக்கே. அந்தக் கூண்டுல அடிச்சிருக்கிற தகட்டைப் பத்தி ஏன் எழுதல? அஞ்சுலயும் இருக்கே. உங்க காலேஜ் பேரு, அதுக்குக் கீழ உன் பேரு. ஆராய்ச்சி முடிஞ்சதும் பரண்ல போட்டுட்டுப் போனது நீதான. நான் ஒரு ஆணிகூடப் புதுசா வாங்கல.

எழுதிக் குடு. நல்லா எழுது. ஆபீசர் வந்ததும் நான் என்ன சொல்லுவேன்னு இப்பவே சொல்லிடுறேன். நான் புருசன் செத்த பொம்பள, ஏலக்காயும் காப்பியும் பாக்குறேன், கூலியாளு பொறுக்கிக் கொண்டாந்த கொட்டைய வாங்குறேன், அவன் எங்க இருந்து கொண்டாந்தான்னு எனக்கு என்ன தெரியும்? பிடிச்சது கன்னையன். கூண்டு இருக்கிறது அவன் வீட்டுக் கொல்லையில. கடிபட்ட தழும்பு அவன் ரெண்டு கையிலயும் இருக்கு, உன்கிட்ட ஒளிச்சானே அதே கை. தைக் கடைசியில அவன் மக வீரலட்சுமிக்குக் கல்யாணம் வச்சிருக்கான். மாப்ளே வீட்டுக்காரவுக ஜெயிலுக்குப் போனவன் வீட்டுல பொண்ணெடுப்பாகளா, நீயே சொல்லு. பலகாரத்தத் தொடாம எந்திரிச்சுப் போறவுகளப் பாத்த பொண்ணுதானே நீ.

ஆக, உனக்கு மரநாய் வேணுமா கன்னையன் வேணுமா? ரெண்டும் வேணும்னா ஒரே வழிதான். நீ கையெழுத்துப் போடு. அது என் கைக்கு வந்த அன்னிக்கே அஞ்சு கதவையும் திறந்து விட்றேன். உங்க அண்ணன் போட்டோ மேல சத்தியம். நான் சத்தியம் மாறுனவ இல்லன்னு உனக்குத் தெரியும். அதுனாலதான என்னைய உனக்குப் பிடிக்காது.

மகாராணி


மதுரை
8 ஜனவரி

மதினிக்கு,

சான்று இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டிருக்கிறேன்.

வெயிலில் திறக்காதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் திறக்கச் சொல்லுங்கள். தோட்டத்து நாய்களைக் கட்டிவையுங்கள். கன்னையனே திறக்கட்டும். அவற்றோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். திறந்த பிறகு அந்த இடத்தில் பழம் வைக்கக் கூடாது. கூண்டுகளை உடைத்து எரித்துவிடுங்கள்.

வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

அனுசியா


குரங்கணி
24 ஜனவரி

அனுசியா,

உன் காகிதம் வந்த அன்னிக்கே திறந்தாச்சு. பொழுது சாயத்தான் திறந்தோம். நாயெல்லாம் கட்டிப் போட்டாச்சு. கன்னையன்தான் திறந்தான். நீ சொன்னதுல எதையும் மாத்தல.

நாலு வெளிய போச்சு. சுத்துற அந்தக் கழுதை மட்டும் போகல. கதவு ஆன்னு திறந்து கெடக்கு, அது பாட்டுக்கு உள்ள சுத்திக்கிட்டு இருக்கு. கதவுப் பக்கம் வரும்போதும் கம்பி இருக்கிற மாதிரியே தலைய வெட்டித் திருப்புது. கன்னையன் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டான். எனக்குச் சிரிப்பா வந்துச்சு, அப்புறம் வரல.

போன நாலும் பொங்கலுக்கு முன்னாலயே திரும்பி வந்திருச்சு. நான் பிடிக்கச் சொல்லல, கன்னையனும் பிடிக்கல. தானா வந்து அதது கூண்டுல அதது படுத்துக்கிச்சு. பல்லு உடைஞ்சது காட்டுல என்னத்தக் கடிக்கும்? பசின்னு வந்தத வெரட்டவா முடியும், பழம் வச்சேன். கூண்டை எரிக்கச் சொன்னே. அது அதுக வீடாப் போச்சு, வீட்டை எப்படி எரிக்கிறது?

இப்ப நான் கதவை மூடுறதே இல்ல. அதுகளா வருது, திங்குது, பேலுது. நீ கையெழுத்துப் போட்டப்ப பொய்யின்னு நெனச்சுத்தான போட்டே? இப்ப நெசமாப் போச்சு பாரு. சுதந்திரமாத் திரியுற மரநாய்தான். மனோஜ்கிட்ட திறந்த கூண்டைக் காட்டுனேன். அவரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. கொச்சியில இருந்து இன்னும் ரெண்டு பேரைப் பாக்கக் கூட்டிக்கிட்டு வர்றாராம். கன்னையன் மச்சான் இன்னும் அஞ்சாறு கூண்டு செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கான். புதுசா பிடிக்கிறதைக் கொஞ்ச நாளைக்குத்தான் மூடி வைக்கணும், பழகிட்டா திறந்து விட்டுறலாம்.

கல்யாணப் பத்திரிகை வச்சிருக்கேன். வீரலட்சுமி உனக்கும் ஒண்ணு குடுக்கச் சொன்னா. வா.

மகாராணி


மதுரை
29 ஜனவரி

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் பொய் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்னை உட்கார விடவில்லை. நீங்கள் சத்தியம் மாறவில்லை. திறந்தீர்கள். நான் கேட்டது அதைத்தான்.

புதிதாகப் பிடிப்பதைப் 'பழகும்வரை' மூடிவைப்பீர்கள் என்கிறீர்கள். பழகுவது என்றால் என்ன என்று கடைசிக் கூண்டில் பார்த்தேன். இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியாது.

நாளை காலை வன அலுவலகத்துக்குப் போகிறேன். கன்னையனை இதற்கு வெளியே வைக்க ஒரு வழி யோசித்திருக்கிறேன். கூண்டுகள் என்னுடையவை, தகட்டில் என் பெயர் இருக்கிறது. சான்று பொய், கையெழுத்து என்னுடையது. இந்த இரண்டையும் எழுதிக் கொடுப்பேன். பிடித்தது யார் என்று கேட்டால் தெரியாது என்பேன். படித்தவள் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என் வேலை போகலாம். போகட்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்கள் வரும்போது நீங்கள் வாய் திறக்காதீர்கள். கன்னையன் ஏலக்காய் வேலை பார்க்கிறவர் என்று மட்டும் சொல்லுங்கள், டிசம்பரில் எனக்கு எழுதியது போல.

இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னதாகவே கிடைக்க வேண்டும். கார்த்தியிடம் இன்றே கொடுக்கிறேன்.

அனுசியா


மதுரை
31 ஜனவரி

மதினிக்கு,

நேற்று நடந்ததில் பாதி நீங்கள் பார்த்தது. ஆனாலும் எழுதுகிறேன். இதை நீங்கள் அடுப்பில் போடுவீர்கள். என்னிடம் நகல் இருக்கிறது.

எழுதிக் கொடுத்ததை அதிகாரி இரண்டு முறை படித்தார். உங்களுக்கு ஏன் மேடம் இந்த வேலை என்றார். பிறகு ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார். நாங்கள் வருவது உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் கடிதம் கிடைத்திருந்தது. எல்லோருக்கும் காப்பி தயாராக வைத்திருந்தீர்கள். எந்தக் காப்பி என்று நான் கேட்கவில்லை. அதிகாரி குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

கூண்டுகள் திறந்துதான் கிடந்தன. நான்கு தூங்கிக்கொண்டிருந்தன. ஐந்தாவது சுற்றிக்கொண்டிருந்தது. திறந்து கிடக்கிற கூண்டுக்கு என்ன கேஸ் போடுவது என்று ஒரு காவலர் சிரித்தார். அதிகாரி தகட்டைத் துடைத்து என் பெயரைப் படித்தார். பிடித்தது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் குறிப்பேட்டை மூடப் போனார். மூடியிருப்பார்.

அப்போதுதான், இரண்டாம் தேதிக் கடிதத்தில் சொல்லியிருந்தபடியே, நீங்கள் பேசினீர்கள். சத்தமாகக்கூட இல்லை. "கன்னையா, சார்ட்ட கையக் காட்டுப்பா."

அவர் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. காய்ந்த தழும்பும் காயாததும். யாருக்காகப் பிடித்தாய் என்று அதிகாரி கேட்டார். கன்னையன் முதலில் உங்களைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற வீரலட்சுமியை. கடைசியாக என்னைப் பார்த்து, "டீச்சரம்மாவுக்கு," என்றார்.

பொய் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்காகவும் பிடித்திருக்கிறார், எந்த வருடம் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் மறுத்தால் அவர் தனியாக மாட்டுவார் என்று நினைத்து ஆமாம் என்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்களுக்கு அப்போது சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை.

இனி நீங்கள் பார்க்காதது. கூண்டுகளை மூடி ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். பிராணிகளை மேலே காட்டில் விட உத்தரவு வந்திருந்தது. கன்னையன் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தார், நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். நடைபாதை தொடங்கும் இடத்துக்கு அப்பால் ஓர் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். வெயில் இருந்தது. நான்கு கூண்டுகளைச் சாய்த்துக் கொட்டியதும் அவை பாறைக்கு அடியில் போய் ஒடுங்கின. தோட்டம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். இதற்குள் திரும்பி வந்திருக்கும். பழம் வைத்திருப்பீர்கள்.

ஐந்தாவது வெளியே வரவில்லை. காவலர் குச்சியால் தட்டினார். கன்னையன் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அது கடித்தது. கடித்த வாயோடு அதைத் தூக்கி வந்து சருகின் மேல் இறக்கிவைத்தார். "போ ஆத்தா," என்றார். இரண்டு தடவை சொன்னார்.

அலுவலகத்தில் இருவர் வாக்குமூலத்தையும் வாங்கினார்கள். கூண்டு என்னுடையது, பிடிக்கச் சொன்னது நான் என்று என் தாளிலும் அவர் தாளிலும் ஒன்றுதான் எழுதியிருந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள். கல்லூரிக்குச் சம்மன் வரும், இப்போது போகலாம் மேடம், மதுரைக்கு இருட்டுமுன் பஸ் இருக்கிறது என்றார்கள். கன்னையனை அனுப்பவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊசி போட வேண்டும் என்று சொன்னேன். பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வீரலட்சுமிக்கு என்ன சொல்லட்டும் என்று அவரைக் கேட்டேன். அவர் துண்டின் முனையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

ஓடைக்கரையில் நடந்ததை முழுதும் எழுதவில்லை. இறக்கிவிட்ட இடத்தில் அது சிறிது நேரம் நின்றது. பிறகு நடந்தது. சருகின் மேல், சுற்றிலும் ஒன்றுமே இல்லாத இடத்தில், கூண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நடந்து தலையை வெட்டித் திருப்பியது. கூண்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு நடந்து மறுபடி திருப்பியது. ஜீப்பைத் திருப்பும்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

அனுசியா